பதினோராம் அறையின் சுவிட்ச்

இந்த வீட்டுக்கு நான் கம்பி இழுப்பது
இது நான்காவது முறை.
நான் இழுத்ததை நானே உருவிப் போடுகிறேன்.
முதலாளி மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு.

புலாவ் தீக்குஸ் பக்கம் கேட்டுப் பாருங்கள்,
'பிரான்சுக்காரன் பங்களா' என்பார்கள்.
பிரான்சுக்காரனைப் பார்த்தவர் யாருமில்லை.
ஜாதிக்காய் போட்டானாம்.
மரமெல்லாம் நோயில் கருகியதும்
ஆளுயரக் கண்ணாடிகளை மட்டும் கழற்றிக்கொண்டு
கப்பலேறினானாம்.
அந்த ஆணி ஓட்டைகள் கூடத்தில் இன்னும் உண்டு.
ஒன்றின் வழியாக என் கம்பி போகிறது.

பிறகு ஈயத் தவுக்கே ஒருவர்.
மூன்று மனைவியருக்கு மூன்று படிக்கட்டு;
ஏறுகிறவளை இறங்குகிறவள் பார்க்க முடியாது.
ஜப்பான்காரன் காலத்தில்
கூடத்தில் குதிரை,
புல்தரை முழுக்க மரவள்ளி.
அந்தக் காலத்தைச் சொல்ல வருகிறவர்கள்
மரவள்ளியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எழுபத்தொன்பதில் நான் கையாளாக வந்தபோது
தாதியர் விடுதி.
அறைக்குள் சுவிட்ச் கூடாது என்றார் மேட்ரன்.
எல்லாம் வெளியே, தாழ்வாரத்தில்.
இரவு பத்துக்கு நடந்து வருவார்,
டக், டக், டக்,
பதினெட்டு அறையும் இருண்டுவிடும்.
சொன்னது அவர்.
பொருத்தியது நான்.

புகார்ப் புத்தகத்தில் மூன்று முறை
'11 எரியவில்லை' என்று எழுதியிருந்தாள் அமலோற்பவம்.
மூன்றாவதற்குக் கீழே
தாள் கிழியக் கோடு.
ஏணி போட்டுப் பார்த்தேன்.
பல்பு நன்றாகத்தான் இருந்தது, ஹோல்டருக்குள் எறும்புக் கூடு.
"எறும்புக்கு எத்தனை வோல்ட்?" என்றாள்.
அதற்கு மேல் என்ன சொல்ல,
மூத்தவள் இப்போது ஜொகூரில் இருக்கிறாள்.

விடுதி போய் நில அலுவலகம் வந்தது.
பதினோராம் அறையில் கோப்புகள்;
தாள் பறக்கும் என்று மின்விசிறி வேண்டாமென்றார்கள்.
நில அலுவலகம் போய்க் கல்யாண மண்டபம்.
கார் நிறுத்தப் பாதிப் பூங்காவுக்குத் தார்.
ஃபியூஸ் பெட்டியில்
'மணமகள் அறை'யைச் சுரண்டினால் 'பதிவேடு',
அதையும் சுரண்டினால் 'மேட்ரன்',
என் பத்தொன்பது வயதுக் கையெழுத்தில்.

இப்போது ஹோட்டல்.
கட்டடக்கலைஞர் பெண் ஒரு சுவரைத் தடவி
"இந்தக் கறையைத் தொடாதீர்கள், நூற்றாண்டுப் பழசு" என்றாள்.
அது தொண்ணூற்று நான்கில்
நில அலுவலக ஏர்கண்டிஷன் ஒழுகியது.
நான் தலையாட்டினேன்.

தாரைப் பெயர்த்து நீச்சல்குளம் தோண்டினார்கள்.
ரோஸ்லியின் மண்வாரி எதிலோ மோதி
இரண்டு பல் இழந்தது.
தாதிகள் ஆடிய வலைப்பந்துக் கம்பத்தின்
சிமெண்ட் அடி.
இடித்தார்கள், துளைத்தார்கள், திட்டினார்கள்,
கடைசியில் குளத்தை அதைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.
வரைபடத்தில் அதன் பெயர் 'தீவு'.
அதற்கு நான்கு விளக்கு.

பதினோராம் அறை
ஓர் இரவுக்கு ஆயிரத்து நூறு வெள்ளி.
வீட்டில் சொன்னேன்.
மீன் கழுவிக்கொண்டிருந்தவள்
"எறும்பு சேர்த்தா?" என்றாள்.

திறப்புவிழாவுக்கு ஐந்து நாள் முன்பு
எல்லா விளக்கும் போட்டுச் சோதிக்கிற இரவு,
காவல்காரத் தம்பியிடம் சொல்லிவிட்டு
அவளைப் பின்வாசலால் கூட்டி வந்தேன்.
இரண்டாம் மனைவியின் படிக்கட்டு.
தாழ்வாரத்தில் நின்று,
பூசி மறைத்த சுவரில்
சரியாக அந்த இடத்தில் கட்டைவிரல் வைத்தாள்.
"இங்கேதான்."

உள்ளே மெத்தைக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை.
உட்கார்ந்தால் சத்தம் போட்டது.
கட்டில் தலைமாட்டில், கை எட்டுகிற தூரத்தில்
நான் வைத்த சுவிட்சைக் காட்டினேன்.
போடவுமில்லை, அணைக்கவுமில்லை.
"மணி என்ன?"
ஒன்பதே முக்கால்.
"இருக்கட்டும்."

ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியவில்லை,
கடலைத் தூர்த்து எழுப்பிய மாடிகள் தெரிந்தன.
கீழே 'தீவு' பச்சையாக எரிந்தது.
பத்தானது.
நாங்கள் இருவருமே
காதைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தோம்.

பத்தேகாலுக்கு
அவளே அணைத்தாள்.